பூட்டுப் போட உகந்த மாதம்

மார்ச் 10, திங்கள்

இன்று முதல் என் முகவரி: மணமகள் அறை, ஸ்ரீ கஜலட்சுமி திருமண மண்டபம், சுண்ணாம்புக்காரத் தெரு.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்த அறை அது. பக்கத்து வீட்டு ஜெயராணி சீட்டைப் பிரித்து உரக்க வாசித்தாள். பத்தொன்பது குடும்பமும் சிரித்தது. ஐம்பத்தேழு வயதாகியும் கல்யாணமாகாத வக்கீல் குமாஸ்தாவுக்கு மணமகள் அறை. "ஒருவழியா உள்ள போயிட்டீங்க திலகாக்கா" என்றாள். நானும் சிரித்துவைத்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

நடந்ததைக் குறித்துவைப்பது தொழில் பழக்கம். வாய்க்காலை அகலப்படுத்த வேண்டுமென்று, கரையில் நாற்பது ஆண்டுகளாக இருந்த எங்கள் வீடுகளைப் போன வியாழக்கிழமை இடித்தார்கள். பதிலுக்கு முப்பத்தொரு கிலோமீட்டர் தள்ளி எட்டாவது மாடியில் வீடு தருகிறோம் என்றார்கள். போய்ப் பார்த்தோம். லிஃப்டுக்கான ஓட்டை தயாராக இருந்தது. லிஃப்ட் பின்னால் வருமாம். பள்ளிக்கூடமும் பின்னால் வருமாம். பேருந்தும் பின்னால் வருமாம். நாங்கள் மட்டும் முன்னால் போக வேண்டுமாம்.

போகமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். எந்த அலுவலகத்தில் கொடுத்தோம் என்று இங்கே எழுதமாட்டேன். டைரி யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது. 'அலுவலகம்' என்றே இருக்கட்டும்.

மண்டபத்துக்காரர் தங்கப்பெருமாள் ஐயா தாமாகவே ஆளனுப்பினார். பைபாஸில் ஏசி மண்டபங்கள் வந்த பிறகு இங்கே வருடத்துக்கு ஐந்தாறு கல்யாணம் நடந்தால் அதிகம். "வவ்வால்கிட்ட வாடகை கேக்க முடியாதும்மா. நீங்க வாங்க" என்றார்.

அறையில் ஆளுயரக் கண்ணாடி, அதைச் சுற்றிப் பன்னிரண்டு பல்புகள். இந்த வயதில் யாருக்கும் அவ்வளவு வெளிச்சம் தேவையில்லை. பதினொன்றைக் கழற்றிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

எழுநூறு பேர் உட்காரும் சாப்பாட்டுக் கூடத்தில் எண்பத்தாறு பேர் காபி குடித்தோம். எல்லோரும் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தோம். வாய்க்கால் கரைப் பழக்கம்.

மார்ச் 19, புதன்

கரையில் எனக்கு எதிர்வீட்டுப் பெண் ஷர்மிளா பானு கட்டடக்கலை படித்தவள். இரண்டு நாளாக மண்டபத்தை அளந்து வரைபடம் போட்டுக் கொண்டுவந்தாள். மாடி பால்கனியில் எட்டு வீடு, சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்பது, மணமகன் அறையில் ஒன்று, மணமகள் அறையில் ஒன்று. சமையலறை பொது. கிரைண்டரும் பொது. சண்டையும் பொதுவாகத்தான் இருக்கும். அதை அவள் வரையவில்லை.

முன்கூடத்தையும் மேடையையும் என்ன செய்வது என்பதில்தான் தகராறு.

"மேடையில நல்லா ரெண்டு வீடு போடலாமே" என்றாள் ஜெயராணி.

"அதுல குடியிருக்கறவங்க தெனம் நாடகம் போடணும்" என்றேன்.

"நீங்க பொழுது பூரா ஆளைப் பார்த்து எழுதுறீங்களே, அதுக்கு வசதியா இருக்குமில்ல?"

முடிவில் ஷர்மிளா சொன்னதே நின்றது. முன்கூடமும் மேடையும் தெருவுக்கு. காலையில் தையல் வகுப்பு, சாயங்காலம் பிள்ளைகள் படிப்பு. கல்யாணம் வந்தால் கல்யாணம். "நாம மட்டும் இருந்தா நம்மளை எடுத்துருவாங்க. தெருவும் சேர்ந்து இருந்தா எடுக்கறது கஷ்டம்" என்றாள். இருபத்தாறு வயதுக்கு இவ்வளவு அரசியல் அறிவு ஆபத்து.

தடுப்பு வேலை காத்தமுத்துவுடையது. அலுமினியத் தடுப்பு, ஜன்னல் வேலை செய்பவர். எங்கள் கரையில் கடைசி வீடு. மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகள், பிள்ளைகள் இல்லை. பேசமாட்டார், அளப்பார். என் அறைக் கதவை இன்று மூன்று முறை அளந்தார். ஒருமுறை அளந்தால் போதுமான கதவு அது.

மார்ச் 27, வியாழன்

கதவை நான்காம் முறை அளந்தார்.

ஏப்ரல் 16, புதன்

மண்டபத்தை வீடுகளாக மாற்ற அனுமதி கேட்டுப் போட்ட விண்ணப்பத்துக்கு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. சுருக்கம் இது: மண்டபத்தில் ஆள் குடியிருப்பதால் அனுமதியின்றிப் பயன்பாடு மாறிவிட்டது. ஆகவே எல்லோரும் வெளியேற வேண்டும். வெளியேறிய பின் கட்டடத்துக்கு சீல் வைக்கப்படும். சீல் வைத்த கட்டடத்தில் குடியிருக்க அனுமதி கேட்டு எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்.

பத்தொன்பது கார்களை நிறுத்த எங்கே இடம் என்று இன்னொரு கேள்வி. பதில் எழுதினேன்: "பதினொரு சைக்கிள், இரண்டு மொபெட், ஒரு இஸ்திரி வண்டி. மூன்று வகைக்கும் இடம் உள்ளது. கார் வாங்கியதும் தெரிவிக்கிறோம்."

மண்டபத்தின் பழைய உரிமத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். "திருமணம் மற்றும் அது சார்ந்த நிகழ்ச்சிகளுக்கு மட்டும்" என்று இருக்கிறது. முப்பத்தொரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், சட்டத்தில் மிக இரக்கமுள்ள சொல் 'சார்ந்த' என்பதுதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் யாரோ பதினொரு பல்பையும் மாட்டியிருக்கிறார்கள். விசாரித்தேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. காத்தமுத்து கூரையை அளந்துகொண்டிருந்தார். கழற்ற நேரமில்லாததால் விட்டுவிட்டேன்.

மே 28, புதன்

இன்று சீல் வைக்க வந்தார்கள்.

நாங்கள் குடிவரும் முன்பே, மூன்றாம் வீட்டு ரவிச்சந்திரன் தன் தங்கை கல்யாணத்துக்கு இன்றைய தேதியில் மண்டபத்தைப் பேசிவைத்திருந்தார். விடியற்காலையில் தடுப்புகளைத் தள்ளி ஓரங்கட்டினோம். காத்தமுத்து எல்லாத் தடுப்புக்கும் அடியில் சக்கரம் வைத்திருக்கிறார். ஒன்பது வீடுகள் நாற்பது நிமிடத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டன. அந்த மனிதர் எதையும் சொல்லிவிட்டுச் செய்வதில்லை.

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. உதவிப் பொறியாளர் குணசீலன், ஒரு பூட்டு, அரக்கு, மெழுகுவர்த்தி, இரண்டு ஊழியர்கள். வாசலில் வாழைமரம். உள்ளே நாதஸ்வரம். குணசீலன் வாழைமரத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"முகூர்த்த நேரத்துல மண்டபத்தப் பூட்டுனா ஏழு தலைமுறைக்கு ஆகாதும்மா" என்றார் என்னிடம். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"சாப்பிட்டுப் போங்க சார்."

சாப்பிட்டார். அப்பளம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பூட்டைப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பரிமாறிய ஆள் அதற்கும் கொஞ்சம் பாயசம் ஊற்றப் பார்த்தான்.

ஜூன் 22, ஞாயிறு

ஜீப் ஓட்டுநர் ஜெயராணியின் கொழுந்தன். அலுவலகத்திலிருந்து வண்டி எடுக்குமுன் போன் வந்துவிடுகிறது. ஜூன் 5: ஜெயராணியின் பேத்திக்குக் காதுகுத்து. ஜூன் 9: பால்கனி நான்காம் வீட்டு வளைகாப்பு. ஜூன் 16: ஒரு நிச்சயதார்த்தம். ஏழு மாதமாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள், அலுவலகத்தின் தயவால் சம்பந்திகளாகிவிட்டன.

நான்கு முறையும் குணசீலன் வந்தார். நான்கு முறையும் சாப்பிட்டார். வளைகாப்புக்கு வளையல் வாங்கி வந்திருந்தார்.

தெரு முதலில் எங்களை 'வாய்க்கால்காரங்க' என்றது. இப்போது முன்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்களை எதிர்த்துக் கையெழுத்து வாங்கிய ரேஷன் கடைக்காரரின் மகன் முதல் வரிசையில் உட்காருகிறான். கணக்கு வரவில்லை. அப்பாவைப் போல எழுத்து மட்டும் அழகு.

ஜூலை 14, திங்கள்

அலுவலகம் பஞ்சாங்கம் வாங்கிவிட்டது.

புது நோட்டீஸ்: "ஆடி மாதத்தில் சுபநிகழ்ச்சிகள் ஏதும் நடைபெறுவதில்லை என்பதைக் கருத்திற்கொண்டு, பொதுமக்களுக்கு இடையூறின்றி, ஜூலை 31 வியாழனன்று காலை 10.30 மணிக்கு மேற்படி மண்டபம் பூட்டி சீல் வைக்கப்படும்." வியாழக்கிழமை பத்தரைக்கு நல்ல நேரம் பிறக்கிறது. பூட்டுப் போடுவதற்கும் பார்த்திருக்கிறார்கள்.

சீல் உத்தரவை எதிர்த்து நாங்கள் போட்ட வழக்கு ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை நீதிமன்றத்தில் வருகிறது. வக்கீலிடம் பேசினேன். முதல் நாளில் நீதிபதி பெரும்பாலும் ஒன்றுதான் சொல்வார்: இருப்பது இருந்தபடி இருக்கட்டும். அன்றைக்கு நாங்கள் உள்ளே இருந்தால் நாங்கள் இருப்போம். பூட்டு இருந்தால் பூட்டு இருக்கும். நான்கு நாள் வித்தியாசத்தில் எண்பத்தாறு பேரின் தலைவிதி. முப்பத்தொரு கிலோமீட்டருக்கு அப்பால் எட்டாவது மாடி எங்களுக்காகக் காத்திருக்கிறது.

ஜூலை 19, சனி

மேடையில் கூட்டம். காதுகுத்தலாம் என்றார்கள், ஆடியில் ஆசாரி வரமாட்டார். நிச்சயமான ஜோடிக்கே கல்யாணம் முடித்துவிடலாம் என்றார்கள். பெண்ணின் தகப்பன் எழுந்துவிட்டார்.

"ஆடியில சேத்துவச்சா சித்திரையில புள்ள பொறக்கும். சித்திரை அப்பன் தெருவிலன்னு சொல்லுவாங்க. என் மருமகன் தெருவுல நிக்கணுமா?"

"இப்ப மட்டும் பங்களாவுலயா நிக்கிறான்?" என்றாள் ஜெயராணி.

"அது வேற. இது சாஸ்திரம்."

யாரும் அசையவில்லை. வீடு இடிந்ததைத் தாங்கியவர்கள் சித்திரைப் பிள்ளைக்குப் பயப்படுகிறார்கள். எனக்கு நம்பிக்கை கிடையாது. சட்டத்தில் சுயமரியாதைத் திருமணத்துக்கென்று ஒரு பிரிவே இருக்கிறது; உறவினர் நண்பர் முன்னிலையில், புரிகிற மொழியில், ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினால் போதும், நாளும் இல்லை, நேரமும் இல்லை என்று விளக்கினேன்.

"எல்லாஞ் சரிக்கா. புள்ளை பொறக்குமே, அதுக்கு என்ன பிரிவு?" என்றாள் ஜெயராணி. சொன்னவள் என்னைப் பார்த்தாள். பிறகு காத்தமுத்துவைப் பார்த்தாள். "புள்ளை பொறக்காத வயசுல ஒரு ஜோடி இருந்தா?"

கூட்டம் முழுதும் திரும்பியது. காத்தமுத்து அளவுநாடாவை இழுத்தார். அதைக் கொண்டு அளக்க அங்கே எதுவும் இல்லை.

யோசனை நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தேன்.

ஜூலை 21, திங்கள்

காத்தமுத்து அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"திலகம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"கேஸுக்காகன்னா நான் வரல."

"நான் இன்னும் எதுவும் கேக்கலையே."

"கேட்டாலும்னு சொல்றேன். ஒரு நாளைக்கு மாலை போட்டுட்டு மறுநாள் கழட்டி வைக்கிறதுன்னா எனக்கு வேணாம். மண்டபம் போனாலும் சரி, நான் அந்த எட்டாவது மாடிக்கே போறேன். நெசம்னா வரேன்." அளவுநாடாவைச் சுருட்டினார். "வாய்க்கால் கரையிலயே கேட்டிருக்கணும். அப்ப வீடு தள்ளி இருந்துச்சு."

எங்கள் வீடுகளுக்கு நடுவே நான்கு வீடுகள்தான் இருந்தன.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இந்தக் கோரிக்கையில் உள்ள சட்டச் சிக்கல்களை நாளை பட்டியலிட வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

பட்டியலிட நேரமில்லை. கோதுமை அரைக்க மாவு மில்லுக்குப் போனேன். கூட்டம். ஒன்றரை மணி நேரம் நின்றேன். என் முறை வந்தபோதுதான் கோதுமையைக் கொண்டுபோகவில்லை என்று தெரிந்தது.

ஜூலை 23, புதன்

சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. அவரிடம் தெரிவித்தாயிற்று.

ஜூலை 31, வியாழன்

முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

புரோகிதர் இல்லை, தாலி இல்லை. நாதஸ்வரக்காரர் ஆடியில் கல்யாணத்துக்கு வாசிக்க மறுத்துவிட்டார். தெருமுனை மாரியம்மன் கோவில் பம்பைக்காரர்கள் வந்தார்கள். பம்பை அடித்தால் யாருக்காவது சாமி வரும் என்று ஜெயராணி எச்சரித்தாள். ரேஷன் கடைக்காரரின் மனைவிக்கு வந்தது. விருந்து கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாடு. ஆடியில் வேறென்ன போடுவார்கள்.

பத்து இருபதுக்கு ஜீப். குணசீலனுடன் இம்முறை ஒரு பெண் இன்ஸ்பெக்டரும் நான்கு காவலர்களும். வாசலில் எங்கள் பெயர் போட்ட பலகையைக் குணசீலன் இரண்டு தரம் படித்தார்.

"ஆடியில கல்யாணமா? யாரும்மா நாள் குறிச்சது?"

"நீங்கதான் சார். நோட்டீஸ்ல நேரம்கூடப் போட்டிருந்தீங்க" என்றேன். கழுத்தில் மாலை இல்லை, கையில் இருந்தது.

"இது சட்டத்தை ஏமாத்தற வேலை. இன்ஸ்பெக்டர், எல்லாரையும் வெளியேத்துங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சார், நான் பந்தோபஸ்துக்கு வந்திருக்கேன். மாலை மாத்தற நேரத்துல பொண்ணைப் புடிச்சு இழுக்க வரல. நீங்க வேணா இழுங்க. தெருவே இங்க நிக்குது."

நின்றது. எண்பத்தாறு பேர் நாங்கள். மீதி இருநூற்றுச் சொச்சம் சுண்ணாம்புக்காரத் தெரு. ஷர்மிளா பானு கல்லூரித் தோழிகளையும் அழைத்து வந்திருந்தாள். முன்கூடத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை.

பத்தரைக்கு மேடையேறினோம். காத்தமுத்து வெள்ளைச் சட்டையில் வேறு யாரோ மாதிரி இருந்தார். "திலகவதியை மனைவியா ஏத்துக்கறேன்" என்றார். மிகத் தெளிவாக. ஐந்து மாதத்தில் அவர் உரக்கப் பேசியது இதுதான். நானும் சொன்னேன். மாலை மாற்றிக்கொண்டோம்.

குணசீலன் கூழ் குடிக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் பூட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "கல்யாணம் ஆயிருச்சில்ல? கெளம்புங்க."

இங்கேதான் அலுவலகம் தவறிவிட்டது. பஞ்சாங்கத்தில் ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதை மட்டும் படித்தவர்கள், புதுக் கல்யாண ஜோடிக்கு ஆடியைப் போல வேலை வைக்கிற மாதம் வேறில்லை என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்கவில்லை. ஜெயராணி முன்னால் வந்து விரல் மடக்கினாள்.

"நாளைக்கு ஆடி அழைப்பு, பொண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவணும். நாளன்னிக்கு மாப்பிள்ளைக்கு ஆடிச் சீர். ஞாயித்துக்கெழம ஆடிப்பெருக்கு. இதெல்லாம் கல்யாணத்த சார்ந்ததா இல்லையா, நீங்களே சொல்லுங்க சார்."

உரிமத்தைக் கையில் கொடுத்தேன். 'சார்ந்த' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தேன்.

குணசீலன் வெகுநேரம் படித்தார். பிறகு ஜீப் பானட்டில் காகிதத்தை வைத்து அறிக்கை எழுதினார். பக்கத்தில் நின்ற ஓட்டுநர், ஜெயராணியின் கொழுந்தன் வழியாக வாசகம் வந்து சேர்ந்தது: "எதிர்பாராத விதமாக ஆடியிலும் திருமணம் நடைபெற்றதால் பூட்ட இயலவில்லை."

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி அழைப்பு. தாய்வீடு: சாப்பாட்டுக் கூடம் ஆறாம் எண், ஜெயராணி வீடு. மேளத்தோடு போனேன். முப்பத்திரண்டு அடி. என்னைவிட எட்டு வயது சின்னவள் எனக்குத் தாய். ஆடி முடியும்வரை புருஷன் வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

தடுப்புக்கு மேல் இரண்டு அடி திறப்பு விடச் சொன்னவள் ஷர்மிளா. காற்றுக்காக. அந்தப் பக்கம் யார் இருமினாலும் கேட்கிறது. அந்தப் பக்கம் காத்தமுத்து வீடு; இன்று மூன்று முறை இருமினார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பாதிப் பேரை மண்டபத்தில் காவலுக்கு வைத்துவிட்டு, மீதிப் பேர் கலந்த சாதம் கட்டிக்கொண்டு எங்கள் பழைய கரைக்குப் போனோம். வாய்க்கால் நன்றாக அகலமாகியிருக்கிறது. தண்ணீர் இல்லை. அகலம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீடுகள் இருந்த இடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் அழவில்லை. எலுமிச்சை சாதத்தில் உப்பு குறைவு என்று சண்டை வந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

நீதிமன்றம். எங்கள் வரிசை எண் பதினெட்டு.

அலுவலகத்தின் வக்கீல் வயதானவர், கெட்டிக்காரர். கட்டடம் உறுதியா, குடியிருக்கத் தகுமா என்பதையெல்லாம் அவர் தொடவில்லை. ஷர்மிளாவின் வரைபடங்களும் கட்டட உறுதிச் சான்றும் மேசையில் இருந்தன. அவர் ஒன்றையே பிடித்தார். பூட்ட விடாமல் தடுக்க முதியவர் இருவரை வைத்து நடத்திய நாடகம். நீதிமன்றத்துக்குச் சுத்தமான கையோடு வராதவர்களுக்கு எந்த நிவாரணமும் தரக்கூடாது. அது எடுபட்டால் எல்லாம் போயிற்று. எங்கள் வக்கீல் எழுந்து ஆங்கிலத்தில் தடுமாறினார்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பெண்மணி வந்திருக்காங்களா?"

முப்பத்தொரு வருடம் இந்தக் கூடங்களில் வழக்குக் கட்டுச் சுமந்திருக்கிறேன். வக்கீல் முதுகுக்குப் பின்னால் நின்று தேதி குறித்திருக்கிறேன். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. எழுந்தேன்.

"நீங்களே சொல்லுங்கம்மா. அது கல்யாணமா, நாடகமா?"

கூடம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் காத்தமுத்து. கையில் அளவுநாடா இல்லை.

"அம்மா, பூட்டு வராம இருந்திருந்தா அந்தத் தேதியில நடந்திருக்காது. அது உண்மை" என்றேன். எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா கல்யாணம் நெசம். இன்னிக்குக் காலையில இவர் வச்ச ரசத்தை முழுசாக் குடிச்சுட்டு வந்திருக்கேன். நாடகத்துக்காக யாரும் அதைக் குடிக்கமாட்டாங்க. பூட்டு இல்லேன்னாலும் நான் இவரோடதான் இருப்பேன். அந்த மண்டபத்துலதான் இருப்பேன். அங்கதான் எங்க வீடு."

சிரித்தது யாரென்று தெரியவில்லை. நீதிபதி சிரிக்கவில்லை. எதிர்வக்கீலைப் பார்த்து, "கட்டடத்தைப் பத்தி ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். இல்லை என்று அவர் உட்கார்ந்தார்.

உத்தரவு: இருப்பது இருந்தபடி இருக்கட்டும். பூட்டக்கூடாது. குடியிருப்போரை வெளியேற்றாமலே விண்ணப்பத்தை ஆறு வாரத்துக்குள் அலுவலகம் பரிசீலிக்க வேண்டும். அடுத்த விசாரணை செப்டம்பர் 15.

பேருந்தில் இரண்டாவது நிறுத்தம் தாண்டியதும் காத்தமுத்து கேட்டார்.

"ரசம் அவ்ளோ மோசமா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமில்ல."

"ரெக்கார்டுல ஏத்தியாச்சு. இனிமே மாத்த முடியாது."

செப்டம்பர் 15-க்குள் மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டு முடிக்கச் சொல்லியிருக்கிறேன். குணசீலனுக்கு முழங்கால் வலி என்று கேள்வி. அடுத்தமுறை பூட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் பிடித்துக்கொண்டு ஏறட்டும், பிடித்துக்கொண்டு இறங்கட்டும்.